மனுவேல் ஆர்கில்யா: லியோன் கதைக்கு அப்பால்

தென்கிழக்கு ஆசியாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மலேசியத் தமிழர்களாகிய நாம், ரஷ்யக் கதைகளையும் பிரெஞ்சுக் கதைகளையும் தமிழில் தேடித் தேடி வாசித்த அளவுக்குப் பக்கத்து நாட்டுக் கதைகளை வாசித்ததில்லை. இந்தக் குறை சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் சிறிய வாசகர் வட்டத்துக்கும் உண்டு. அதைப் போக்கும் முயற்சியில் நான் கண்டடைந்தவர்தான் பிலிப்பைன்ஸ் சிறுகதையாசிரியர் மனுவேல் எஸ்டபில்யோ ஆர்கில்யா. முப்பத்து மூன்று வயதுக்குள் வாழ்ந்து, எழுதி, கொல்லப்பட்டவர். தம் வாழ்நாளில் ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டவர். அந்த ஒரு தொகுப்பை வாசித்தபோது, தோட்டப்புறத்தைப் பற்றி நாம் எழுதுவதும் எழுதாமல் விடுவதும் என் மனத்தில் புதிதாக எழுந்து நின்றன. அதனால்தான் இவரைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

பிலிப்பைன்ஸில் இவருடைய பெயரைச் சொன்னால் பெரும்பாலோருக்கு உடனே நினைவுக்கு வருவது பள்ளிப் பாடநூலில் படித்த ஒரு கதை: ‘என் அண்ணன் லியோன் மனைவியை வீட்டுக்கு அழைத்து வந்த விதம்’. பட்டணத்தில் படித்த லியோன், பட்டணத்துப் பெண்ணான மரியாவை மணந்துகொண்டு கிராமத்துக்கு வருகிறான். அவர்களை அழைத்துவரச் சாலைக்கு அனுப்பப்படுகிறவன் தம்பி பால்டோ. கதை முழுவதும் அந்தச் சிறுவனின் வாய்மொழியாகவே நடக்கிறது. அவன் கொண்டுபோவது குதிரை வண்டி அன்று. லபாங் என்ற காளை பூட்டிய கட்டை வண்டி. திரும்பும் வழியும் எல்லோரும் போகிற பெரிய சாலை அன்று. வறண்ட ஓடையின் தடம். ஏன் இந்த வழி என்று அண்ணன் கேட்கும்போது, அப்பா அப்படித்தான் சொன்னார் என்பதற்கு மேல் பால்டோவிடம் பதில் இல்லை.

அப்பா என்ன செய்கிறார் என்பதை ஆர்கில்யா ஓரிடத்திலும் விளக்குவதில்லை. மருமகளைச் சோதிக்கிறார் என்ற சொல்லே கதையில் கிடையாது. வண்டி குலுங்குகிறது, கூழாங்கற்கள் சக்கரத்தில் நொறுங்குகின்றன, வானத்தில் விண்மீன்கள் நிறைகின்றன, லியோன் பாடுகிறான், மரியாவும் சேர்ந்து பாடுகிறாள். வீடு வந்து சேர்ந்ததும் பால்டோவை மட்டும் அப்பா தம் அறைக்கு அழைக்கிறார். விளக்கு ஏற்றாத அந்த அறையில், சன்னலோரம் சாய்வு நாற்காலியில் சுருட்டோடு அமர்ந்திருக்கும் மனிதர், மகனிடம் கேட்கும் கேள்விகள் சிலவே. வழியில் யாரையாவது பார்த்தீர்களா? லபாங்கைக் கண்டு அவள் பயந்தாளா? அண்ணன் என்ன பாட்டுப் பாடினான்? ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு அவர் மௌனமாகிவிடுகிறார். கடைசியில் காளைக்குத் தண்ணீர் காட்டினாயா என்று கேட்கிறார். மருமகளை ஏற்றுக்கொண்டார் என்பது அந்தக் கேள்வியிலிருந்தே வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது. இரவு வேளையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதைப் பற்றிய ஒரு சாதாரணக் கேள்விக்குள் ஒரு குடும்பத்தின் சம்மதத்தை வைக்கத் தெரிந்தவரைச் சிறுகதையின் ஆசான்களில் ஒருவராகவே நான் கொள்கிறேன்.

மரியா வண்டியிலிருந்து இறங்கும் காட்சியையும் சொல்லியாக வேண்டும். அவள் மீது பப்பாளி பூத்த காலை நேரத்தின் மணம் வீசுவதாகப் பால்டோ சொல்கிறான். ரோஜா என்றோ மல்லிகை என்றோ சொல்லியிருந்தால் அது எழுத்தாளர் தேர்ந்தெடுத்த பூவாகியிருக்கும். பப்பாளிப் பூ அந்தச் சிறுவனின் கொல்லைப்புறத்தில் இருப்பது. நம் வீட்டுப் பின்புறத்தில், சாக்கடையை ஒட்டிக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் நடுவில் பப்பாளி மரம் நிற்காத லயத்தை நான் கண்டதில்லை. அந்தப் பூவுக்கு ஒரு மணம் உண்டு என்பதை நான் இந்தக் கதையைப் படித்த பிறகுதான் பக்கத்தில் நின்று முகர்ந்து அறிந்தேன்.

ஆர்கில்யா 1911 ஜூன் 17 அன்று லூசோன் தீவின் வடமேற்கில், லா யூனியோன் மாகாணத்துப் பவாங் ஊரைச் சேர்ந்த நக்ரெப்கான் என்னும் சிற்றூரில் பிறந்தார். இலோக்கானோ மொழி பேசும் விவசாயக் குடும்பம். பெரிய நிலபுலம் கிடையாது. அவர் பிறந்தபோது பிலிப்பைன்ஸ் அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான ஸ்பானிய ஆட்சி முடிந்து, 1901இல் அமெரிக்க ஆசிரியர்கள் கப்பலில் வந்திறங்கி, பொதுப் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்று மொழியாக்கினார்கள். ஒரு தலைமுறைக்குள் அந்த மொழியிலேயே இலக்கியம் எழுதக்கூடிய இளைஞர்கள் உருவானார்கள். பாஸ் மார்க்கெஸ் பெனிதெஸ் என்ற பெண் எழுத்தாளரின் ‘மாண்ட விண்மீன்கள்’ 1925இல் வெளிவந்தது. பிலிப்பினோ ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் முதிர்ந்த சிறுகதை அதுதான் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அதற்கு அடுத்த பத்தாண்டில் ஆர்கில்யா எழுத வந்துவிட்டார்.

பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பயின்று 1933இல் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே அங்குள்ள எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்து, பின்னர் அதன் தலைவரானார். சங்கத்தின் இலக்கிய இதழையும் தொகுத்தார். சக எழுத்தாளரான லிடியா வில்யனுவேவாவை மணந்து, மணிலாவின் எர்மிதா பகுதியில் குடியேறினார். மணிலா பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியம் கற்பித்தார். பின்னர் அரசாங்கத்தின் பொதுநலத் துறையில் சேர்ந்து, அத்துறை வெளியிட்ட இதழின் நிர்வாக ஆசிரியராக 1943 வரை பணியாற்றினார். மாதச் சம்பளத்துக்கு எழுத்து வேலை, அந்த வேலை முடிந்த நேரத்தில் கதை. நம்மூரில் தமிழ்ப்பள்ளியில் கற்பித்துக்கொண்டும் பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டும் எழுதியவர்களின் வாழ்க்கைக்கு இது மிக நெருக்கமானது.

ஊரை விட்டு வந்தவர், ஊரைப் பற்றியே எழுதினார். அதுவும் ஊரார் பேசாத மொழியில் எழுதினார். இத்தகைய எழுத்துக்கு இரண்டு ஆபத்துகள் காத்திருக்கின்றன. பட்டணத்து வாசகனுக்குக் கிராமத்தை வேடிக்கை காட்டுவது ஒன்று. தொலைந்த சொர்க்கம் என்று உருகுவது மற்றொன்று. ஆர்கில்யா இரண்டிலும் விழவில்லை என்பதற்கு ‘நக்ரெப்கானில் ஒரு காலை’ கதையே சான்று. விடியற்காலை, பனியும் ஈரமும் நிறைந்த தோட்டம், மூத்தவன் பால்டோவும் இளையவன் அம்போவும் ஒரு நாய்க்குட்டிக்காகப் போட்டுக்கொள்ளும் சண்டை என்று கதை தொடங்குகிறது. இதமான கதையென்று நாம் சாய்ந்து உட்காரும்போது, தகப்பன் வீடு திரும்புகிறான். கோபம் தலைக்கேறி மகனை அடிக்கிறான், தடுக்க வந்த மனைவியையும் அடிக்கிறான், அந்த நாய்க்குட்டியைத் தூக்கி அடித்துக் கொன்றுவிடுகிறான். பிறகு அண்ணனும் தம்பியும் குழி தோண்டி அதைப் புதைக்கிறார்கள். காலைப் பொழுதின் அழகு ஒரு வரியிலும் குறைக்கப்படவில்லை. அந்த அடியும் ஒரு வரியிலும் மழுப்பப்படவில்லை. லியோனின் கதையில் சொல்லாமல் சம்மதம் தரும் தகப்பனையும், இந்தக் கதையில் கைநீட்டும் தகப்பனையும் ஒரே ஊரில், ஒரே கையால் எழுதியிருக்கிறார் என்பதை நாம் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

‘நடுக்கோடை’ என்றொரு கதை உண்டு. உச்சி வெயிலில் வண்டியோட்டி வரும் இளைஞனும் கிணற்றில் தண்ணீர் எடுக்க வரும் பெண்ணும் சந்திப்பது மட்டுமே அதில் நடக்கிறது. பிலிப்பைன்ஸ் சிறுகதைத் தொகுப்புகளில் இதுவும் அடிக்கடி இடம்பெறுகிறது. அழகான கதைதான். ஆனால் லியோன் கதையையும் இதையும் மட்டும் வாசித்துவிட்டு, ஆர்கில்யா கிராமத்து வெயிலையும் காதலையும் பாடியவர் என்று முடிவு கட்டுகிறவர்கள் பாதி எழுத்தாளரைத்தான் படித்திருக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

மறுபாதி ‘அரிசி’ போன்ற கதைகளில் இருக்கிறது. பாப்லோ ஒரு பண்ணையின் குத்தகைக் குடியானவன். கதை தொடங்கும்போது அவன் வெறும் சறுக்குவண்டியிலிருந்து எருமையை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான். வண்டி வெறுமையாக வந்திருப்பதுதான் செய்தி. நெல் கடன் கேட்கப் போனவர்கள் நெல் இல்லாமல் திரும்பியிருக்கிறார்கள். வாங்கிய நெல்லை அறுவடையில் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்பது பண்ணையின் கணக்கு. வீட்டில் அடுப்பு எரியவில்லை, மனைவி செபியாவும் பிள்ளைகளும் வீட்டில் இல்லை. அவர்கள் வயலுக்கு நத்தை பொறுக்கப் போயிருக்கிறார்கள். வயலில் ஊரும் நத்தையும் பண்ணைக்கே சொந்தம் என்று காவல்காரன் விரட்டுகிறான். நெல்லை விளைவித்தவன் வீட்டில் நெல் இல்லை. நெல் இல்லாதவன் நத்தையைத் தொட்டால் அது திருட்டு. அந்த மாலையில் பண்ணையின் நெல் லாரிகள் போகும் பாதையை நோக்கி அண்டை வீட்டுக்காரனோடு பாப்லோவும் புறப்படுகிறான்.

இந்தக் கதையில் ஒரு முழக்கமும் கிடையாது. முதலாளி நேரில் வருவதுகூட இல்லை. களைத்துப்போன எருமையின் முதுகில் பாப்லோ கையை வைப்பதை எழுதும் அதே பரிவு, லபாங் அசைபோடுவதை எழுதிய பரிவுதான். அதே கண்தான் இங்கே பசியைப் பார்க்கிறது. ஒரு மாட்டின் மூச்சை அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டவருக்கு, அந்த மாட்டை ஓட்டுகிறவனின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பது கேட்காமல் போயிருக்க முடியாது. அதனால் இனிப்பான ஆர்கில்யா, கோபக்கார ஆர்கில்யா என்று பிரிப்பதையே நான் ஏற்கவில்லை.

அந்தக் கோபத்துக்குக் காரணம் அவர் வாழ்ந்த காலத்திலேயே இருந்தது. லூசோனின் நெல் வயல்களில் குடியானவன் விளைச்சலில் பாதியைப் பண்ணைக்குக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியையும் பழைய கடனுக்கு வட்டியாக இழக்கும் முறை வேரூன்றியிருந்தது. 1931இல் பங்கசினான் மாகாணத்துத் தாயுக் நகரில் குடியானவர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். 1935 மே மாதம் சக்தால் இயக்கத்தினர் மணிலாவைச் சுற்றியிருந்த மாகாணங்களில் ஊராட்சி மன்றக் கட்டடங்களைக் கைப்பற்றினார்கள். ஓரிரு நாள்களில் அந்தக் கிளர்ச்சி துப்பாக்கியால் அடக்கப்பட்டது. பங்கசினான், ஆர்கில்யாவின் சொந்த மாகாணத்தை அடுத்துள்ள மாகாணம். அவருடைய கதைகளில் சில இந்தக் கொந்தளிப்பை நேரடியாகவே தொட்டன. பட்டணத்துக் கதைகளில் ஒன்றான ‘பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்’, சம்பள உயர்வு கேட்கத் துணியும் ஒரு பிழைதிருத்துநரைப் பற்றியது. வயலிலிருந்து அச்சகத்துக்கு வந்த பிறகும், கூலியைக் கணக்கிடுகிறவன் யார், கைநீட்டி நிற்கிறவன் யார் என்பதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கால மணிலாவில் எழுத்தாளர்களுக்கு இடையே ஒரு பெரிய விவாதம் நடந்தது. அமெரிக்காவில் குடியேறிவிட்ட கவிஞர் ஹோசே கார்சியா வில்யா, கலை கலைக்காகவே என்று வாதிட்டு, ஆண்டுதோறும் சிறந்த சிறுகதைகளைப் பட்டியலிட்டு வந்தார். விமர்சகர் சால்வதோர் லோப்பெஸ், சமூகத்தைப் புறக்கணிக்கும் இலக்கியம் வெற்று அலங்காரம் என்று எதிர்நின்றார். ஆர்கில்யாவின் எழுத்தை இரு தரப்பாரும் மதித்தார்கள் என்பதை நான் மிகப் பெரிய செய்தியாக நினைக்கிறேன். 1940இல் அதிபர் மனுவேல் கெசோனின் ஆட்சியில், காமன்வெல்த் எனப்பட்ட பிலிப்பைன்ஸ் தன்னாட்சி அரசின் முதல் இலக்கியப் போட்டி நடந்தபோது, ஆங்கிலச் சிறுகதைக்கான முதல் பரிசு ஆர்கில்யாவின் தொகுப்புக்கும், கட்டுரைக்கான பரிசு லோப்பெஸின் ‘இலக்கியமும் சமூகமும்’ நூலுக்கும் கிடைத்தன. லியோன் கதையின் தலைப்பையே நூலின் தலைப்பாகக் கொண்ட அந்தத் தொகுப்பில்தான் ‘அரிசி’யும் இருக்கிறது. பரிசு தந்தவர்கள் முழு நூலுக்குத்தான் தந்தார்கள். பின்வந்த பாடநூல்கள்தாம் அதிலிருந்து வெண்ணிலாவையும் விண்மீனையும் மட்டும் எடுத்துக்கொண்டன.

நாமும் அதையே செய்கிறோம். தோட்ட வாழ்க்கையைப் பற்றி இன்று நம்மவர் எழுதும் நினைவுக் குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். மாரியம்மன் கோயில் திருவிழா வரும், திடலில் காட்டிய திரைப்படம் வரும், லயத்து வாசலில் எல்லாரும் கூடி அரட்டையடித்த மாலைகள் வரும், ரப்பர்ப்பாலின் வாசனை வரும். இவை யாவும் உண்மை. இவற்றை எழுதத்தான் வேண்டும். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டு, கித்தாக் காடுகள் செம்பனையாகி, செம்பனையும் வீடமைப்புப் பகுதியாகிவிட்ட பிறகு, அந்த வாழ்க்கைக்கு எழுத்தை விட்டால் வேறு இருப்பிடம் கிடையாது. ஆனால் விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்ததும், மழை பெய்தால் அன்றைய கூலி போனதும், சம்பள நாளன்று தோட்டத்துக் கடைக்காரர் மேசை போட்டு உட்கார்ந்திருந்ததும் அந்தக் குறிப்புகளில் ஓரமாகத்தான் வருகின்றன. பல குறிப்புகளில் வருவதே இல்லை.

என் அப்பாயி பால்மரம் வெட்டியவர். அவர் சொன்ன கதைகளில் எனக்குப் பிடித்தவை பேய்க் கதைகளும் கூத்துக் கதைகளும்தான். கடைக் கணக்கைப் பற்றி அவர் சொல்லும்போது வீட்டில் யாரும் நின்று கேட்டதில்லை. ஆனால் அதைத்தான் அவர் மிக நுணுக்கமாகச் சொல்வார். கடையில் நீளவாக்கில் மடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருக்கும். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், பாக்கு வெற்றிலை என்று எழுதி, நேரே தொகை போடுவார்கள். அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அரிசி வாங்கும்போதெல்லாம் அடுப்படிச் சுவரில் கரியால் ஒரு கோடு கிழித்துவைப்பாராம். மாதக் கடைசியில் சுவரில் இருந்த கோடுகளும் புத்தகத்தில் இருந்த வரிகளும் ஒத்துவராது. சண்டை போட்டால் அடுத்த மாதம் அரிசி கிடைக்காது. அதனால் சுண்ணாம்பு அடித்துச் சுவரை வெள்ளையாக்கிவிட்டு, மறுபடி முதல் கோட்டைக் கிழிப்பாராம். பாப்லோவின் பண்ணைக் கணக்கைப் படித்தபோது அப்பாயியின் அடுப்படிச் சுவர்தான் என் கண்முன் வந்தது.

எங்கள் வட்டத்தின் பெரியம்மா ஒருவர், தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அவருக்கு இந்தக் கதையை நான் வாய்மொழியாகச் சொன்னேன். நத்தை பொறுக்கும் இடம் வந்ததும் அவர் என்னை நிறுத்திவிட்டார்.

“நத்தையா? இங்க மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்? ஆத்தோரமா பாக்குக் கீரை பறிக்கப் போனாக்கூட, வேலி தாண்டிட்டியான்னு கேப்பாங்க. காஞ்ச வெறகு எடுத்தாலும் கேப்பாங்க. சரி, நீ சொல்லு, அவன் லாரியை மறிச்சானா இல்லையா?”

“கதை அதோட முடிஞ்சு போச்சு பெரியம்மா. அவன் கிளம்பிப் போறதோட முடிச்சுட்டாரு.”

“கிளம்பிட்டான்ல? அது போதும்.”

ஒரு கதையின் முடிவைப் பற்றி இதைவிடச் சிறந்த மதிப்புரையை நான் கேட்டதில்லை. நம் ஊரிலும் கிளம்பியவர்கள் இருந்தார்கள். ஆர்கில்யாவின் நூல் பரிசு பெற்றதற்கு மறு ஆண்டு, 1941இல், சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டதோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கையாக இருந்தது. படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சைக்கிளிலிருந்து இறங்க மறுத்த ஒரு தமிழனின் அந்த ஒரு கணத்தை, காளைக்குத் தண்ணீர் காட்டும் கேள்வியை எழுதிய நிதானத்தோடு எழுதக்கூடிய ஒருவர் நமக்குக் கிடைத்தால் எவ்வளவு பெரிய பேறு அது!

அதே 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவிலும் பிலிப்பைன்ஸிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இறங்கினார்கள். 1942 ஜனவரி தொடக்கத்தில் மணிலா வீழ்ந்தது. அடுத்த மாதம் சிங்கப்பூரும் வீழ்ந்தது. இங்கே ஜப்பான்காரன் காலம் என்றால் மரவள்ளிக்கிழங்கும் சயாம் மரண ரயில்பாதையும் நினைவுக்கு வரும். தோட்டங்களிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் அந்தப் பாதையில் மாண்டார்கள். மணிலாவில் ஆர்கில்யா தணிக்கைக் குழுவில் நியமிக்கப்பட்டார். வெளிப்பார்வைக்கு ஆக்கிரமிப்பு அரசின் ஊழியர். மறைவில், ‘மார்க்கிங்’ என்று பெயர் பெற்ற கொரில்லாப் படைக்காக உளவுப் பிரிவு ஒன்றை அமைத்து நடத்தியவர். லிடியாவும் கொரில்லாக்களோடு இணைந்திருந்தார்.

1944 ஆகஸ்டு 5 அன்று ஆர்கில்யா பிடிபட்டார். மணிலாவில் சந்தியாகோ கோட்டை என்று ஒன்று இருக்கிறது. ஸ்பானியர் கட்டியது, தேசியத் தலைவரும் நாவலாசிரியருமான ஹோசே ரிசால் 1896இல் சுட்டுக் கொல்லப்படுவதற்கு முன் கடைசி நாள்களைக் கழித்த இடம். ஜப்பானியர் அதைச் சித்திரவதைக் கூடமாக்கியிருந்தார்கள். அங்கே வைத்து ஆர்கில்யா வதைக்கப்பட்டார். அந்த மாத இறுதியில் வேறு சில எதிர்ப்புப் போராளிகளோடு மணிலாவின் சீனக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, தலை வெட்டிக் கொல்லப்பட்டார்.

இப்படிப்பட்ட மரணம் ஓர் எழுத்தாளருக்கு நேர்ந்துவிட்டால், அவருடைய கதைகளை அந்த மரணத்துக்கு முன்னுரையாகப் படிக்கும் ஆசை யாருக்கும் வரும். ‘அரிசி’யில் புறப்பட்டுப் போன பாப்லோதான் சந்தியாகோ கோட்டையில் போய்ச் சேர்ந்தான் என்று எழுதிவிடலாம், கேட்கவும் நன்றாக இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. துணிச்சலுக்காக மட்டும் அவரை நினைவுகூர்வது, விண்மீன்களுக்காக மட்டும் நினைவுகூர்வதைப் போன்றே குறைபட்ட வாசிப்பு. அவர் எழுத்தாளராகவே வளர்ந்துகொண்டிருந்தவர். இருபதுகளில் எழுதிய கதைகள் இவ்வளவு கனிந்திருக்குமானால், ஐம்பது வயதில் என்ன எழுதியிருப்பார் என்பதை நினைக்கும்போது அந்த வாள்வீச்சின் இழப்பு முழுமையாக உறைக்கிறது. போருக்குப் பிந்திய பிலிப்பைன்ஸை, நிலம் கேட்டு மத்திய லூசோனில் மீண்டும் மூண்ட குடியானவர் கிளர்ச்சியை, அவர் பார்க்கவே இல்லை.

லிடியா போரைத் தாண்டி வாழ்ந்தார். 1951இல் மணிலாவில் தொடங்கப்பட்ட பிலிப்பைன்ஸ் கலைக்கூடத்தை நிறுவி நடத்தியவர்களில் முதன்மையானவர் அவர். நவீன ஓவியங்களை வாங்க ஆளில்லாத காலத்தில், மனன்சாலா, ஒக்கம்போ போன்ற ஓவியர்களுக்குச் சுவர் கொடுத்தது அந்த இடம். ஆர்கில்யாவின் ‘பிலிப்பைன்ஸ் கதைகளும் நீதிக்கதைகளும்’ என்ற நூல் 1957இல் வெளிவந்தபோது லிடியா இருந்தார். லிடியா தனியாகவே எழுதப்பட வேண்டியவர். இன்னொரு பதிவில் எழுதுவேன்.

ஆர்கில்யாவை வாசிக்க விரும்புகிறவர்கள் லியோன் கதையிலிருந்தே தொடங்கலாம். அதை வாசித்த கையோடு, இடைவெளி விடாமல், ‘நக்ரெப்கானில் ஒரு காலை’யையும் ‘அரிசி’யையும் வாசித்துவிடுங்கள். வெட்டுக்கிளிகள் இளநாற்றைத் தின்றுபோன ஆண்டில் நடக்கும் ‘ஒரு மகன் பிறந்தான்’ கதையை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சமும் பிறப்பும் ஒரே வீட்டுக்குள் எப்படி இருக்கின்றன என்பதை அதில் பார்க்கலாம். இவருடைய ஆங்கிலம் எளிமையானது. நம் இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்கும் தடையாக இராது.

எங்கள் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் ‘அரிசி’யைத் தமிழில் சொல்லி விவாதிக்கவிருக்கிறோம். தோட்டத்துக் கடைக் கணக்குப் புத்தகமோ பழைய சம்பளச் சீட்டோ யாருடைய வீட்டுப் பெட்டியிலாவது கிடந்தால், கிழிந்திருந்தாலும் எடுத்து வாருங்கள். பெரியம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாக்குக் கீரை பறித்ததற்காக யார் யாரைப் பிடித்து நிறுத்தினார்கள் என்பதை அவரையே சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளப் போகிறோம்.